செக்சம் ஒத்துவராத வகுப்பு

நான் ஆறு வருடம் நெட்வொர்க் பாடம் நடத்தினேன். நடத்தியது நெட்வொர்க் கிடைக்காத ஒரு கட்டடத்தில். போனில் பேச வேண்டுமென்றால் மாடியிலிருந்து இறங்கி, வேப்பமரத்தைத் தாண்டி, சைக்கிள் ஸ்டாண்டின் தகரக் கூரைக்கு அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும். "ஹலோ, கேக்குதா? இப்ப கேக்குதா?" என்று யாராவது அங்கே கத்திக்கொண்டிருந்தால், அது அநேகமாகக் கம்ப்யூட்டர் துறை ஆசிரியராகத்தான் இருக்கும். அந்தத் துறையில் நாங்கள் இரண்டே பேர்தான் என்பதால் இதைத் தைரியமாகச் சொல்கிறேன்.

விருத்தாசலத்தில் செராமிக் எஸ்டேட்டை ஒட்டியிருக்கும் தனியார் பாலிடெக்னிக் அது. தாளாளருக்கு முதலில் இருந்தது பொம்மைக் கம்பெனி. சூளை போட்டார், பிள்ளையார் விற்றார், கல்வியையும் விற்கலாம் என்று யாரோ சொல்லவே செராமிக் டிப்ளமோ ஆரம்பித்தார். அது நன்றாகப் போனது. நன்றாகப் போகிற ஒன்றை அப்படியே விட்டுவைக்கும் பழக்கம் நம் ஊரில் யாருக்கும் இல்லையே, அதனால் கம்ப்யூட்டர் துறையையும் திறந்தார். லேபில் கம்ப்யூட்டர்கள் உறை போட்டு மூடியிருக்கும். ஆயுத பூஜை அன்று உறையைக் கழற்றி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்போம். சில மாணவர்கள் மானிட்டரை முகத்துக்கு முகம் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். வைஃபை பெட்டி பிரின்சிபால் அறையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்கும் பொட்டு உண்டு. அதன் பாஸ்வேர்டு என்னவென்று பிரின்சிபாலுக்கும் தெரியாது.

என் வேலை தற்காலிகம். முதல் வருடம் தற்காலிகம் என்றால் புரியும். ஆறாவது வருடமும் தற்காலிகம் என்றால் அதற்கு என்ன பெயர் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. மே மாதம் வீட்டுக்கு அனுப்புவார்கள். ஜூன் மாதம் ஒன்றுமே நடக்காததுபோல "என்னாம்மா, இன்னும் வரல?" என்று போன் செய்வார்கள். நானும் ஒன்றுமே நடக்காததுபோலப் போவேன். பாலிடெக்னிக்கில் நெட்வொர்க் பாடம் நடத்தப் பக்கத்தில் வேறு இடம் கிடையாது. அடுத்த இடத்துக்குப் போக வேண்டுமென்றால் சேத்தியாத்தோப்பில் பஸ் மாறி, உட்கார இடம் கிடைக்காமல், வகுப்புக்குள் நுழையும்போதே பாதி ஆளாகித்தான் நுழைய வேண்டும்.

இனி பாடத்துக்கு வருகிறேன். நாம் போனில் அனுப்பும் எதுவும், அது குரலாக இருந்தாலும் படமாக இருந்தாலும், முழுசாக ஒரே மூச்சில் போவதில்லை. சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டப்பட்டுப் போகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் பாக்கெட் என்று பெயர். அதன் முன்னால் ஹெட்டர் என்று ஒரு பகுதி. யார் அனுப்பியது, யாருக்குப் போகிறது, எத்தனையாவது துண்டு, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்ற விவரமெல்லாம் அதில் இருக்கும். அதற்குப் பின்னால்தான் உண்மையான சரக்கு. இவ்வளவுதான் விஷயம். இந்த இவ்வளவை எங்கள் பாடப்புத்தகம் கட்டம் கட்டமாக ஒரு படமாகப் போட்டிருந்தது. என் மாணவர்கள் அந்தப் படத்தை ஸ்கேல் வைத்து, கட்டம் பிசகாமல், ஹெட்டருக்கு ரோஸ் கலர் அடித்து வரைவார்கள். கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்கலாம், அவ்வளவு அழகு. இது என்ன என்று கேட்டால் "பாக்கெட்டு மேம்" என்பார்கள். அது என்ன செய்யும் என்று கேட்டால் மறுபடி வரைந்து காட்டுவார்கள்.

புத்தகத்தில் ஒரு உதாரணமும் இருந்தது. பாக்கெட் என்பது தபாலில் போடும் கடிதம் மாதிரி, கவரின் மேல் முகவரி இருக்கும் என்று. என் வகுப்பில் ஒன்பது பேர். ஒன்பது பேரில் ஒருவர்கூடத் தபாலில் கடிதம் போட்டதில்லை. தபால் பெட்டியைப் பார்த்திருக்கிறார்கள், கட்சிக் கொடி கட்டும் இரும்புப் பொருளாக. தெரியாத ஒன்றை வைத்துத் தெரியாத இன்னொன்றை விளக்கும் அந்தப் புத்தகத்தை எழுதியவர் யாரோ, அவர் நல்லா இருக்கட்டும்.

நான் புத்தகத்தை மூடிவிட்டு ஜன்னலைக் காட்டினேன். ஜன்னலுக்கு வெளியே, சுவருக்கு அந்தப் பக்கம், கொலு பொம்மைகளை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு கல்யாண ஊர்வலம் செட்டு மெட்ராஸ் கடைக்குப் போகிறது என்று வையுங்கள். மாப்பிள்ளை, பெண், மேளக்காரர், பல்லக்கு எல்லாம் ஒரே பெட்டியில் அடங்காது. பல பெட்டிகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு பெட்டியின் மேலும் அனுப்புபவர் பெயர், கடை விலாசம், இது மொத்தத்தில் எத்தனையாவது பெட்டி, உள்ளே எத்தனை பொம்மை என்று எழுதுகிறார்கள். பெட்டிகள் வரிசை மாறிப் போய்ச் சேர்ந்தாலும் கடைக்காரர் எண்ணைப் பார்த்து அடுக்கிக்கொள்வார். மேளக்காரர் முன்னால் போவார், மாப்பிள்ளை பின்னால் வருவார், குழப்பம் வராது. இதைச் சொல்லி முடித்தபோது ஒன்பது முகத்திலும் ஒரு வெளிச்சம் தெரிந்தது. ஆசிரியர்களுக்கு அது போதும். அதற்காகத்தான் நாங்கள் ஆறு வருடம் தற்காலிகமாக இருக்கிறோம்.

செக்சம் என்ற சமாச்சாரத்தையும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். பெட்டியில் பன்னிரண்டு பொம்மை என்று எழுதியிருக்கிறது, கடைக்காரர் எண்ணிப் பார்க்கிறார், பன்னிரண்டு இருக்கிறது. சரி. ஆனால் நடுவழியில் எவனாவது நம் கிருஷ்ணரை எடுத்துக்கொண்டு ஒரு கிளியை வைத்துவிட்டால்? எண்ணிக்கை அப்போதும் பன்னிரண்டுதான். அதனால் அனுப்பும்போதே பெட்டியை நிறுத்து எடையையும் எழுதிவிட வேண்டும். வாங்குபவர் மறுபடி நிறுத்துப் பார்த்தால் குட்டு வெளியாகிவிடும். கம்ப்யூட்டர் நிறுப்பதில்லை, உள்ளே இருக்கும் எண்களைக் கூட்டிப் பார்க்கிறது. கூட்டல் ஒத்து வந்தால் எடுத்துக்கொள்ளும். ஒத்து வராவிட்டால் அந்தப் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். சண்டை கிடையாது, பஞ்சாயத்து கிடையாது.

இந்த உதாரணத்தால் ஒரு தொல்லையும் வந்தது. வழியில் தொலைந்த பாக்கெட்டை என்ன செய்வது என்று கேட்டால், திரும்ப அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பதுதான் பாடத்திட்டத்தின் பதில். எங்கள் ஊரில் அப்படி இல்லை. டஜனுக்கு ஒன்று உடைசலுக்கு என்று சேர்த்துப் போட்டுவிடுவார்கள். லாரி குலுங்கும், ஒன்று உடையும், கணக்குச் சரியாகிவிடும். யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. என் மாணவர்களால் இந்த இண்டர்நெட்டின் அப்பாவித்தனத்தைத் தாங்க முடியவில்லை. "இதுக்குப் போயி மறுபடி மறுபடி கேட்டுக்கினு கெடப்பாங்களா மேம்? மொதல்லயே ஒண்ணு சேத்துப் போட்டா முடிஞ்சுது" என்று பரிதாபப்பட்டார்கள். பரீட்சையில் அப்படி எழுதினால் முட்டைதான் கிடைக்கும் என்று மிரட்டி வைத்தேன்.

வகுப்பில் நான் வைத்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். எதைச் சொன்னாலும் கண்ணுக்கு முன்னால் இருக்கிற ஒன்றை உதாரணமாகச் சொல்ல வேண்டும். புத்தகத்து உதாரணம் சொன்னால் மார்க் கிடையாது. பெட்டி, பஸ், ரேஷன் கடை, கேன்டீன் வரிசை, எது வேண்டுமானாலும் சரி.

இந்தச் சட்டத்தைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியவள் ஒருத்தி. மங்கலம்பேட்டையிலிருந்து வருபவள். அப்பா வளைகுடாவில் ஏதோ ஒரு கடையில் வேலை பார்த்தார். அவள் பேசினால் அடுத்த வகுப்புக்கும் கேட்கும். கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் விடமாட்டாள், பதில் சொன்னால் கேள்வி கேட்காமல் விடமாட்டாள். பிரின்சிபால் அவளுக்கு அதிகப்பிரசங்கி என்று பெயர் வைத்திருந்தார். ஒருநாள் எழுந்து நின்று, வழக்கத்துக்கு மாறாகக் குரலைத் தணித்துக்கொண்டு, "மேம், அத்தா வீடியோ கால்ல பேசுறப்ப நடுவுல நடுவுல வுட்டுப்போவுது. அந்த வுட்டுப்போன பேச்செல்லாம் எங்க மேம் போவுது?" என்று கேட்டாள்.

எங்கும் போவதில்லை, வழியில் தொலைந்துவிடும், வீடியோ காலில் அதைத் திரும்பக் கேட்கவும் மாட்டார்கள், கேட்டு வாங்குவதற்குள் பேச்சு அடுத்த இடத்துக்குப் போய்விடும் என்று சொன்னேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் முதல் வேலையாக என்னிடம் வந்தாள். "அத்தாகிட்ட சொல்லிட்டேன் மேம். முக்கியமானத மட்டும் ரெண்டு தடவ சொல்லுங்கன்னு." உடைசலுக்கு ஒன்று சேர்த்துப் போடுகிற ஊர்ப் புத்தி உன்னை விட்டுப் போகாது என்று திட்டி அனுப்பினேன்.

அந்த வருடம்தான் துறையின் அனுமதியைப் புதுப்பிக்க இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னதுமே எனக்குப் பயம் வந்துவிட்டது. ஆறு வருடத்தில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததே இல்லை.

"இந்தத் தடவ நல்லபடியா முடிஞ்சுதுன்னா உங்கள பர்மனெண்ட் பண்ணிடுறோம்மா. தாளாளரே சொல்லிட்டாரு. முடியலன்னு வையுங்க, டிபார்ட்மெண்டே இருக்காது. அப்புறம் நீங்க எங்க இருக்கப் போறீங்க?"

"நல்லபடியா முடிய என்னா சார் பண்ணணும்?"

"கிளாஸ்ல முப்பத்தாறு பேரு இருக்கணும்."

"ஒம்போது பேருதான் சார் இருக்காங்க."

"அட்டெண்டென்ஸ்ல முப்பத்தாறு இருக்குதே" என்றார், என் அறியாமைக்காக வருந்துபவர் போல.

மீதி இருபத்தேழு பேரைச் செராமிக் துறையிலிருந்து கடன் வாங்குவதாக முடிவானது. இதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை. இன்ஸ்பெக்‌ஷன் என்றால் ஒரு துறை இன்னொரு துறைக்குப் பிள்ளைகளைக் கொடுத்து உதவும். அவசரத்துக்குப் பக்கத்து வீட்டில் நாற்காலி வாங்குவதில்லையா, அப்படி. நாற்காலிகளை யாரும் கேள்வி கேட்பதில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம். அதனால் இந்த இருபத்தேழு பேருக்கும் மூன்று வருடப் படிப்பை ஒரு வாரத்தில் ஊட்ட வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது.

வந்தார்கள். நல்ல பிள்ளைகள். களிமண்ணைக் கரைத்து அச்சில் ஊற்றுகிற வேலையிலிருந்து நேராக எழுந்து வந்ததால் நகக்கண்ணெல்லாம் வெள்ளையாக இருந்தது. கழுத்தில் எங்கள் துறையின் அடையாள அட்டையை மாட்டிவிட்டார்கள். நான் பொம்மைப் பெட்டியை வைத்தே பாக்கெட்டைச் சொல்லிக்கொடுத்தேன். ஒன்பது பேருக்கு ஒரு மாதம் ஆன பாடம் இவர்களுக்கு ஒரு மத்தியானத்தில் ஏறிவிட்டது. பெட்டி கட்டுவது அவர்கள் வீட்டு வேலையாயிற்றே. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அடுத்தது கேள்விப் பங்கீடு. நான் எந்தக் கேள்வியை எந்த வரிசையில் கேட்பேன், எந்த பெஞ்சில் யார் எழுந்து பதில் சொல்வார் என்பது முன்கூட்டியே தீர்மானம். பாக்கெட் என்றால் என்ன, முதல் பெஞ்சு. ஹெட்டர் என்றால் என்ன, இரண்டாவது பெஞ்சு. பதில் தெரியாதவர்களும் கை தூக்க வேண்டும், ஆனால் இடது கையை. வலது கை தூக்கியவரை மட்டும்தான் நான் கூப்பிடுவேன். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த மகானை யாருக்கும் தெரியாது, ஆனால் எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறது. எங்கள் பாலிடெக்னிக்கில் பிழையில்லாமல் ஓடிய ஒரே நெட்வொர்க் இதுதான்.

கடைசியாக, யார் யார் அன்றைக்கு லீவு போட வேண்டும் என்ற பேச்சு வந்தது. சாதாரணமாக மக்குப் பிள்ளைகளைத்தான் வீட்டில் இருக்கச் சொல்வார்கள். பிரின்சிபால் மங்கலம்பேட்டைப் பெண்ணின் பெயரைச் சொன்னார்.

"அதுக்கு வாயி சும்மா இருக்காதும்மா."

நான் விடவில்லை. கேள்விப் பங்கீடு எவ்வளவு பலமாக இருந்தாலும், வருகிறவர் தன் இஷ்டத்துக்கு ஒரு கேள்வி கேட்டுவிட்டால் பதில் சொல்ல ஒரு ஆளாவது உண்மையாகப் படித்த ஆள் வேண்டாமா என்று வாதாடினேன். என் வேலை இதில் தொங்குகிறது சார், அவள் இருந்தால்தான் எனக்குத் தைரியம் என்றேன். அரை மனதாக ஒப்புக்கொண்டார். அவளைக் கூப்பிட்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லு, ஒரு வார்த்தை அதிகமாகப் பேசாதே என்று சொல்லிவைத்தேன். "சரி மேம், கேட்டதுக்கு மட்டும்" என்றாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள், அதை நான் இல்லையென்று சொல்ல முடியாது.

வந்தவர்கள் இரண்டு பேர். குழுத் தலைவர் ஓய்வுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பேராசிரியர். வாசலில் மாலை, அறையில் இளநீர், அப்புறம் வாழை இலை போட்டுச் சாப்பாடு. சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கொரு பீங்கான் பிள்ளையார். இந்த ஊருக்கு வேலையாக வந்து பிள்ளையார் இல்லாமல் திரும்பிய அதிகாரி கிடையாது. எந்தெந்த ஊர் ஷோகேஸில் எல்லாம் எங்கள் பிள்ளையார்கள் உட்கார்ந்து எந்தெந்த அனுமதிகளுக்குச் சாட்சியாக இருக்கிறார்களோ, அவர்களுக்கே வெளிச்சம்.

மூன்று மணிக்கு என் வகுப்புக்கு வந்தார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். முப்பத்தாறு பேர் நிறைந்த வகுப்பில் அதுவரை நான் நின்றதே இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்குப் பெருமையாக இருந்தது, அது கடன் வாங்கிய கூட்டம் என்று தெரிந்தே. கேள்விகள் கேட்டேன். வலது கைகள் எழுந்தன. பதில்கள் வரிசை தப்பாமல் வந்தன. தலைவரின் கண்கள் சாப்பாட்டின் கனத்தில் மூடிமூடித் திறந்தன. இன்னும் பத்து நிமிடம் இப்படியே போனால் நான் நிரந்தரம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து அவருக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. எழுந்து நடந்து வந்து, மூன்றாவது பெஞ்சில் இருந்த ஒரு செராமிக் பையனைப் பார்த்து, "ஒரு பாக்கெட் வழியில தொலைஞ்சு போச்சுன்னா என்னப்பா ஆகும்?" என்றார்.

அவன் நிமிர்ந்து நின்று, சந்தேகமே இல்லாமல், "ஒண்ணும் ஆவாது சார். உடைசலுக்குன்னு டஜனுக்கு ஒண்ணு சேத்துத்தான் போட்டிருப்போம்" என்றான்.

பிரின்சிபால் கண்ணை மூடிக்கொண்டார். நான் பாய்ந்து முன்னால் போனேன். அனுப்பும்போதே கூடுதலாகச் சில துண்டுகளைச் சேர்த்து அனுப்பிவிடும் முறை ஒன்று இருக்கிறது, தொலைந்ததை அதை வைத்தே மீட்டுக்கொள்ளலாம், மேல்படிப்பில் வரும் பாடம் அது, ஆர்வமுள்ள மாணவர்களுக்கு நான் முன்கூட்டியே தொட்டுக்காட்டியிருக்கிறேன் என்று மூச்சு விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். வேலையைக் காப்பாற்றச் சொன்னதுதான், ஆனால் பாவம், அது உண்மையும்கூட. தலைவர் அசந்துபோனார். "டிப்ளமோ லெவல்ல இவ்வளவா!" என்று கூட வந்தவரிடம் சொன்னார். பிரின்சிபால் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்த பார்வையில் நிரந்தரப் பணி ஆணை எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தது.

ஆளை அசத்தியதுதான் வினையாகிவிட்டது. உற்சாகமாகிவிட்டார். சாக்பீஸை வாங்கிப் பலகையில் பாக்கெட்டை வரைந்தார். "ஹெட்டர்லயே லெங்த் இருக்கு, உள்ள எவ்வளவுன்னு. எண்ணிப் பாத்தா சரியா இருக்கான்னு தெரிஞ்சுடும். அப்புறம் எதுக்குத் தனியா செக்சம்? யாராவது உதாரணத்தோட சொல்லுங்க பாப்போம்."

நல்ல கேள்வி. நானே பரீட்சையில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. செராமிக் பிள்ளைகள் குனிந்து நகத்தைப் பார்த்தார்கள். என் ஒன்பதில் எட்டுப் பேர் ஞாபகமாக இடது கையைத் தூக்கினார்கள். ஒரே ஒரு வலது கை எழுந்தது, ஜன்னலோரத்திலிருந்து.

"எண்ணிக்கை மட்டும் பாத்தா ஏமாந்துடுவோம் சார்" என்று மங்கலம்பேட்டைப் பெண் ஆரம்பித்தாள். குரல் கணீரென்று இருந்தது. "இப்ப எங்க கிளாஸையே எடுத்துக்கங்க சார். முப்பத்தாறு பேருன்னு அட்டெண்டென்ஸ்ல இருக்குது. அதான் லெங்த். நீங்க எண்ணுனாலும் முப்பத்தாறுதான் வரும். ஆனா அதுல ஒம்போது பேருதான் கம்ப்யூட்டர். மீதி எல்லாம் செராமிக்லேர்ந்து வந்து உக்காந்திருக்காங்க. லெங்த் சரியா இருக்குது, உள்ள இருக்கறது வேற. அத லெங்த்து கண்டுபிடிக்காது சார். செக்சம் போட்டாதான் தெரியும். ஒத்துவரலன்னா வாங்குறவங்க அந்தப் பாக்கெட்டத் தூக்கிப் போட்டுடுவாங்க."

சொல்லி முடித்துவிட்டு, சரியாகச் சொல்லிவிட்ட சந்தோஷத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்த பிறகுதான், தான் சொன்னது என்ன என்பது அவளுக்கே உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தலைவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பெஞ்சு பெஞ்சாகப் பார்த்தார். முகங்களை அல்ல, டெஸ்க்கின் மேலிருந்த கைகளை. வெள்ளை நகக்கண்கள் ஒவ்வொன்றாக டெஸ்க்குக்கு அடியில் போயின. "வெரி குட்மா. உக்காரு" என்றார் அவளிடம். அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. கோபப்படவும் இல்லை. பையில் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பினார். பிள்ளையாரை மறக்கவில்லை.

கார் போன பிறகு அவள் வராந்தாவில் எனக்காக நின்றுகொண்டிருந்தாள். துப்பட்டா நுனியை முறுக்கிமுறுக்கிக் கயிறாக்கியிருந்தாள்.

"மேம், நான் தப்பா சொல்லிட்டனா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அவளை இரண்டு அறை விட்டிருப்பேன். ஆறு வருடம், ஆறு மே மாதம், கூட்ட நெரிசலில் நான் ஏறாமல் தப்பித்துவந்த அந்தச் சேத்தியாத்தோப்பு பஸ், எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. அதே சமயத்தில், அந்தக் கேள்விக்கு இதைவிட நல்ல பதிலை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. நானே சொல்லியிருந்தால் கிளியையும் கிருஷ்ணரையும் வைத்துத்தான் சொல்லியிருப்பேன். இவள் கண்ணுக்கு முன்னால் இருந்ததைப் பார்த்தாள், சொன்னாள். கோபமும் பெருமையும் ஒரே நேரத்தில் வந்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"சரியாத்தான் சொன்ன. பஸ்ஸு போயிடப் போவுது, கெளம்பு" என்றேன்.

பிரின்சிபால் அறையில் மறுபடி உட்காரச் சொன்னார்கள். இந்த முறை தாளாளரும் இருந்தார். நான் எதிர்பார்த்த மாதிரி கத்தவில்லை. பிரின்சிபால் மிகவும் தன்மையாகப் பேசினார். இன்னும் ஒன்றும் கெட்டுவிடவில்லை, தலைவரிடம் போனில் பேசியாயிற்று, வகுப்பு ஆசிரியர் தன் வாயால் விளக்கம் சொன்னால் இன்னொரு நாள் வந்து பார்க்கச் சம்மதிப்பார் என்றார்.

"என்னா விளக்கம் சார்?"

"அந்தப் பொண்ணுக்கு நம்ம மேல ஏதோ கோவம். வேற காலேஜுக்குப் போவணும்னு வேணும்னே பொய் சொல்லிடுச்சு. இத நீங்க சொன்னா போதும். அதுக்கு டி.சி. குடுத்து அனுப்பிடுவோம். அடுத்த வாரமே உங்க ஆர்டரும் ரெடி."

தாளாளர் தலையை ஆட்டினார். இது நியாயமான பேரம் என்று மூன்று பேரில் இரண்டு பேர் நம்பினார்கள். மூன்றாவது ஆளான நானும் ஒரு நிமிடம் கணக்குப் போட்டுப் பார்த்தேன், பொய் சொல்வானேன். நிரந்தரம் என்ற சொல் காதுக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது. பிறகு அந்த டி.சி.யை நினைத்தேன். கடைசி வருடத்தில், பொய்க்காரி என்ற பெயரோடு வரும் பெண்ணை எந்தக் கல்லூரி சேர்த்துக்கொள்ளும்? கடல் தாண்டிப் போய் உழைத்துப் படிக்கவைக்கும் ஒரு மனிதருக்கு இவர்களில் யார் போன் செய்து, உங்கள் மகள் பொய் சொன்னாள் என்று சொல்வார்கள்? பொய் சொன்னவர்கள் இங்கே முப்பத்தைந்து பேரும் ஒரு ஆசிரியையும் ஒரு பிரின்சிபாலும் ஒரு தாளாளரும். சொல்லாதவள் அவள் ஒருத்திதான்.

நான் பேசாமல் இருப்பதைச் சம்மதமாக எடுத்துக்கொண்ட பிரின்சிபால், போனைக் கையில் எடுத்தபடியே, ஆற்றாமையோடு கேட்டார்.

"அது எப்படிம்மா அந்தப் பொண்ணு போயும் போயும் நம்ம கிளாஸையே உதாரணமா சொல்லும்? யாரு சொல்லிக் குடுத்தது அதுக்கு?"

"நான்தான் சார்" என்றேன். "தலைவர்கிட்டயும் அதையே சொல்லுறேன். போனக் குடுங்க."

அவர் போனைக் கொடுக்கவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று தாளாளர் சொன்னார். ஆறு வருடத்தில் முதல் முறையாக எனக்கு ஒரு நிரந்தரமான முடிவு சொன்னார்கள். நான் எழுந்து வெளியே வந்தேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அழுதுகொண்டே நடந்தேன். ஆனாலும் நல்ல ஆசிரியை என்று என்னை நானே நினைத்துக்கொண்ட நாள் அது ஒன்றுதான்.